கப்பல் வேலையும் கரை வேலையும்

திருப்பதியிலிருந்து புத்தூர், திருத்தணி வழியாக அரக்கோணம் செல்லும் ரயிலில் நம்மவர் பலர் ஊருக்குப் போய் வருகிறார்கள். கடலே கண்ணுக்கெட்டாத அந்த அரக்கோணத்தில்தான் 1992-ல் ‘ராஜாளி’ கடற்படை விமானதளம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்படையின் தலைமையகமோ இதே ஆந்திர மாநிலத்தின் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. சித்தூர், திருப்பதி வாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடற்படை ஆசை பிறப்பதில் வியப்பில்லை. ஆனால் வெள்ளைச் சீருடைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

ஆலையில் ஷிப்ட் முடிந்தால் வீடு திரும்பலாம். கப்பலில் ஆலையும் அதுவே, வீடும் அதுவே. நாள் முழுவதையும் நாலு நாலு மணி நேரக் காவல்களாகப் பிரிப்பது நெடுங்கால வழக்கம். அப்படியே விட்டால் ஒரே ஆள் தினமும் நள்ளிரவு 12 முதல் 4 வரையிலேயே மாட்டிக்கொள்வான். ஆகவே மாலை 4 முதல் 8 வரையுள்ள நேரத்தை மட்டும் இரண்டாக வெட்டி, ஆறு காவல்களை ஏழாக்கினார்கள். முறை மாறி மாறி வருவது இதனால்தான். காவல் முடிந்த நேரமெல்லாம் ஓய்வு என்றும் எண்ணவேண்டாம். தளம் கழுவுதல், உப்புக்காற்று அரித்த இரும்பைச் சுரண்டி வர்ணம் பூசுதல், இயந்திரப் பராமரிப்பு, தீயணைப்புப் பயிற்சி ஆகிய எல்லாம் அதற்குள்தான்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் காட்சியகமாக நிற்கும் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுமார் 91 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் குழாய்க்குள் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் நடக்கலாம்.

கப்பலில் பீரங்கி இயக்குபவர் மட்டும் வீரர் அல்லர். விடியுமுன் அடுப்பு மூட்டும் சமையற்காரரும், சம்பளக் கணக்கு எழுதும் குமாஸ்தாவும் வீரர்களே. அந்தக் குமாஸ்தாவைக் கடற்படையில் நெடுங்காலம் ‘ரைட்டர்’ என்றே அழைத்தார்கள். சோறும் மரியாதையும் சிறிய விஷயங்கள் அல்ல என்பதற்கு வரலாறே சாட்சி. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாய் ‘தல்வார்’ தளத்தில் மோசமான உணவையும் அதிகாரிகளின் இழிசொல்லையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் அது பல துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவி, வெள்ளையர் ஆட்சியையே உலுக்கியது.

இன்றைய கவலை வேறு. 2022-ல் அறிவிக்கப்பட்ட ‘அக்னிபத்’ திட்டப்படி சேர்பவருக்கு 4 ஆண்டு சேவை. அதன்பின் 25 சதவீதம் பேர் வரையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியுடன் கரைக்குத் திரும்பவேண்டும். கடற்படையின் முதல் அணி 2022 நவம்பரில் ஒடிசாவின் ‘சில்கா’ பயிற்சித் தளத்தில் சேர்ந்தது. அவர்களுடைய நாலு ஆண்டு 2026 இறுதியில் நிறைவடைகிறது.

கடலில் டீசல் இயந்திரத்தைக் கட்டி ஆண்டவன் கரையில் வாசல் வாசலாக வேலை கேட்டு நிற்கலாமா? கப்பலில் கற்ற மின்சார, இயந்திர, சமையல் தொழில்களை ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு நிகராக மதித்து ரயில்வே பட்டறைகளும் மின் நிறுவனங்களும் தனியார் ஆலைகளும் இவர்களை எடுத்துக்கொள்ளவேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆந்திராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கரை திரும்பும்போது, ‘நீ எங்கள் ஊர்க்காரன் அல்ல’ என்று இரு மாநிலங்களும் கைவிரிக்கும் நிலை வரக்கூடாது. நாட்டுக்காகக் கடலில் நின்றவனுக்கு எந்த மாநிலம் என்ற கேள்வி எழவே கூடாது. இரு அரசுகளும் கலந்து பேசி வழி செய்யவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிறப்பு, பள்ளி, இருப்பிடச் சான்றுகளை இப்போதே ஒழுங்குபடுத்தி வையுங்கள். பிள்ளையை அனுப்புவதானால் பெருமையோடு அனுப்புங்கள். ஐந்தாம் ஆண்டில் அவன் என்ன செய்வான் என்பதையும் இன்றே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.