"மதர்போர்டு போயிடுச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்!

லேப்டாப் கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று ஓடவில்லை என்றால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பவர் பட்டனை நாலைந்து முறை அழுத்திப் பார்ப்போம். பிறகு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்வோம். கடைக்காரர் சார்ஜரைச் செருகி ஒரு நிமிடம் பார்ப்பார். "மதர்போர்டு போயிடுச்சு சார், எட்டாயிரம் ஆகும்" என்பார். "பழைய மெஷினுக்கு இவ்வளவு செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று ஆலோசனையும் அவரே சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டுத் திரும்புவோம்.

சென்ற மாதம் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதேதான் நடந்தது. 2015-ல் மகளின் படிப்புக்காக வாங்கிய லேப்டாப். பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பணத்தைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. காலமாகிவிட்ட அவருடைய அம்மாவின் போட்டோக்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் காப்பி கிடையாது. வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, அடிப்பக்கத்தில் ராம் இருக்கும் சிறிய மூடியைத் திறந்தேன். ராம் கார்டை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்பச் செருகினேன். திரை வந்துவிட்டது. செலவு, ஒரு ரப்பர்.

எல்லா லேப்டாப்பும் இப்படி எழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிய பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம் மதர்போர்டு. அதை முதல் நிமிடத்திலேயே ஒருவர் சொன்னால், அவர் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்பதும் இல்லை. ரப்பரால் துடைத்துக் கொடுத்தால் என்ன கூலி கேட்பது? போர்டு மாற்றினால்தான் அவருக்கு வருமானம். தொழில் அப்படி அமைந்துவிட்டது. ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் நாமே செலவழிப்பது நல்லது.

எதற்குமே அசையாமல் கிடக்கும் லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை. அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர், 65 வாட் என்பது போல இருக்கும். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருந்தால் அந்த வோல்ட் வருகிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பதானால் வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. டெல் லேப்டாப்களில் இன்னொரு விஷயம் உண்டு. பல மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் எந்த வகை என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினாலும் அதே கதைதான்.

சார்ஜர் நன்றாக இருக்கிறதா? அதை எடுத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வெளியேறும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். நம்ப முடியாத அளவுக்குப் பல சமயங்களில் இதுவே போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். அதை அழுத்தாமல், குத்தாமல், அப்படியே சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிடுங்கள். 2006-ல் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகச் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. லித்தியம் பேட்டரியில் துணிச்சல் காட்டக் கூடாது.

சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் திரைக்குப் பின்னால் உள்ள விளக்குதான் போயிருக்கிறது. பழைய மானிட்டரையோ டிவியையோ கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் மதர்போர்டு பிழைத்தது. கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான்.

பத்து, இருபது நிமிடம் ஓடி, சூடாகி, தானே அணைந்துவிடும் லேப்டாப்பில் பெரும்பாலும் தூசிதான் குற்றவாளி. மெத்தை மீது வைத்து வேலை செய்பவர்கள் வீட்டில் இது நிச்சயம். ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பஞ்சு போல அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, பிராசசருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவச் சொல்லுங்கள். நீங்களே காற்று அடிப்பதானால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக் கொள்ளுங்கள், இல்லையேல் அது வேகமாகச் சுற்றிக் கெட்டுப் போகும்.

இன்னொரு வேடிக்கையான கோளாறு. லேப்டாப் நன்றாக ஓடும், ஆனால் பேங்க் தளமோ மெயிலோ திறக்காது, பாதுகாப்பு எச்சரிக்கையாக வரும். வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலது மூலையில் தேதியைப் பாருங்கள். ஆண்டு பத்து வருடம் பின்னால் இருந்தால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பல லேப்டாப்களில் அது வாட்ச் கடையில் கிடைக்கும் சி.ஆர். 2032 தான்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். "டக், டக்" என்று சத்தம் கேட்டால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். சரியாகிறதா என்று திரும்பத் திரும்ப ஆன் செய்யச் செய்ய, உள்ளே இருக்கும் தகவல்களை நீங்களே அழிக்கிறீர்கள். சத்தம் எதுவும் இல்லை, லேப்டாப்தான் செத்துவிட்டது என்றால் பயமே வேண்டாம். டிஸ்கைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். மதர்போர்டு உண்மையிலேயே போயிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் போட்டோக்கள் போயிருக்காது. இதைக் கடையில் அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, உண்மையிலேயே போர்டுதான் கோளாறு என்றால்? சிப்பைச் சூடாக்கிச் சரி செய்து தருகிறேன் என்பார்கள். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன்னுடைய சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் பொருள் கோளாறு இருப்பதாகச் சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அப்படிப் படம் வராமல் போன லேப்டாப்களை ஹீட் கன் கொண்டு சூடாக்கினால் உயிர் வரும். சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்பவும் போய்விடும். ஆகவே, சூடாக்குவதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டோக்களை எடுத்துக்கொண்டு விடை கொடுத்துவிடலாம்.

பிழைத்த லேப்டாப்பை வைத்து என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசருக்குக் குறைந்ததை ஏற்பதில்லை. அதற்காகத் தூக்கிப் போட வேண்டுமா? பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் 4 ஜி.பி.யாவது இருக்கும்படி பார்த்து, லினக்ஸ் மின்ட் பதியுங்கள். இணையம், கடிதம், குழந்தைகளின் பாடம் எல்லாம் தாராளமாக நடக்கும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதிலும் முயன்று பார்க்கலாம்.

கடைக்குப் போயே தீர வேண்டும் என்றால், ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், ராம், டிஸ்க் இவற்றின் அளவையும் சீரியல் எண்ணையும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். எதைச் சோதித்தார், எது தவறியது என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்றியது மதர்போர்டே ஆனாலும் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.