வானளாவியும் சித்தாளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் கலைச்சொல்லாக்கப் பயிலரங்கு நடந்தது. 'ஸ்கைஸ்கிரேப்பர்' என்பதற்குத் தமிழ் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வளவுதான், மேடையில் இருந்த நான்கு ஆண்களும் முக்கால் மணிநேரம் ஓயவில்லை. வானளாவி என்றார் ஒருவர். வானுயர் மாடம் என்றார் அடுத்தவர். விண்தொடு கட்டடம், வான்முட்டி என்று பட்டியல் நீண்டது. வெள்ளைக்காரன் வானத்தைச் 'சுரண்டுகிறான்', நாமோ 'அளாவுகிறோம்', அளவளாவுதல் என்ற அழகான சொல்லும் இந்த வேரிலிருந்துதான் வருகிறது, நம் சொல்லே நாகரிகமானது என்று ஒருவர் முடித்தபோது பலத்த கைதட்டல்.

நான் எழுந்து, "அதைக் கட்டுகிறவளுக்கு நம் மொழியில் என்ன பெயர், ஐயா?" என்று கேட்டேன்.

"அது வேற தலைப்பும்மா" என்றார் தலைமை தாங்கியவர்.

வேறு தலைப்பு இல்லை. கட்டடத்துக்கு வைத்த பெயரையும் கட்டுகிறவளுக்கு வைத்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இரண்டும் புரியும்.

ஸ்கைஸ்கிரேப்பர் என்பது கட்டடத்துக்காகப் பிறந்த சொல்லே அல்ல. பாய்மரக் கப்பலின் உச்சியில் கட்டும் சிறிய பாய்க்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு உயரமான குதிரை, நெட்டையான ஆள், நீண்ட தொப்பி என்று எதற்கெல்லாமோ ஒட்டிக்கொண்டு, 1880களில் சிகாகோவின் புதுக் கட்டடங்கள் மேல் வந்து உட்கார்ந்தது. 1885இல் அங்கே எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம்தான் முதல் வானளாவி என்று பலர் சொல்வார்கள். வெறும் பத்து மாடி. அதை வடிவமைத்த வில்லியம் லெ பாரன் ஜென்னியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அவருடைய மனைவி கையிலிருந்த கனமான புத்தகத்தைப் பறவைக்கூண்டின் மேல் வைத்தாராம். மெல்லிய கம்பிக்கூண்டு அந்தப் பாரத்தைத் தாங்குவதைப் பார்த்து ஜென்னிக்கு இரும்புச் சட்டக யோசனை பிறந்ததாம். உண்மையோ பொய்யோ தெரியாது. கதையில்கூட அந்த அம்மாவின் வேலை புத்தகத்தைக் கீழே வைப்பதோடு முடிந்துவிடுகிறது.

ஜெர்மானியர்களுக்கு அது மேகத்தைச் சுரண்டுவது. இந்திக்காரர்களுக்குக் 'ககன்சும்பி', அதாவது வானை முத்தமிடுவது. சுரண்டினாலும் முத்தமிட்டாலும் அளாவினாலும் எல்லா மொழியிலும் எழுவாய் கட்டடம்தான். தானே எழுந்து, தானே போய், தானே தொடுகிறது. செங்கல் சுமந்த தலை எந்தச் சொல்லிலும் இல்லை.

இப்போது அடுத்த சொல்லுக்கு வருவோம். சித்தாள். சிற்றாள் என்பதன் பேச்சு வடிவம். சிறிய ஆள். வயதில் சிறியவள் என்று எண்ணிவிடாதீர்கள். ஐம்பத்தைந்து வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவள் சித்தாள்தான். அவளோடு அதே கலவையை, அதே சாரத்தில் ஏறிச் சுமக்கும் ஆணுக்குப் பல இடங்களில் 'பெரியாள்' என்று பெயர். அவன் பதினெட்டு வயதுப் பையனாக இருக்கலாம். அவளுடைய மகன் வயது. ஆனாலும் பெரிய ஆள். கரணை பிடித்தவரோ கொத்தனார். அவருக்கு மரியாதைக்கு ஒரு 'ஆர்' விகுதியே உண்டு. கொத்தனார் என்பதற்குப் பெண்பால் என்ன? யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் இல்லை.

என் அம்மா முப்பது வருடம் சித்தாளாக இருந்தவள். காலையில் நாலு வீடு தள்ளியிருக்கும் அக்காக்களோடு முச்சந்தியில் போய் நிற்பாள். சும்மாடு வைத்து வைத்து உச்சித்தலையில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு முடி கிடையாது. கலவையை விரலால் தொட்டுப் பார்த்தே மணல் கூடிவிட்டதா என்று சொல்வாள். கொத்தனாரே "பாத்துச் சொல்லுக்கா" என்பார். எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரைப் பூசியது அம்மாதான். ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை வேலைத்தளத்தில், கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்து நாலு வரி கட்டிவிட்டாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, "பொம்பள கை பட்டா சுவர் நிக்குமா?" என்று கேட்டு அதைப் பிரிக்கச் சொன்னார். பிரித்த கல்லைச் சுமந்து கீழே கொண்டுவந்ததும் அம்மாதான். அதே தளத்துக்கு எடுபிடியாக வந்த பையன் ஒருவன் மூன்றே வருடத்தில் கொத்தனார் ஆனான். அவனுக்குக் கரணை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

"பேரில் என்ன இருக்கிறது, கூலியைக் கேளுங்கள்" என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். கூலியே பேரில்தான் இருக்கிறது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது அது. அதிலிருந்து தப்பிக்கப் பெரிய வக்கீல் யாரும் வேண்டியிருக்கவில்லை. கூலி நோட்டில் ஒருவருக்குப் பெரியாள், இன்னொருவருக்குச் சித்தாள் என்று எழுதினால் போதும். இரண்டும் வேறு வேறு வேலை ஆகிவிடும். பெயர்தான் அங்கே வேலைப்பிரிவு, பெயர்தான் விகிதம்.

மேற்கத்தியப் பெண்ணியம் வானளாவியை விட்டுவைக்கவில்லை. டோலரஸ் ஹேடன் 1977இலேயே அதை ஆணாதிக்கத்தின் அடையாளமாகப் படித்து எழுதினார். நம் மாணவிகளும் கோபுரத்தைப் பார்த்ததும் ஆண்குறி என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அந்த வாசிப்பை அப்படியே இங்கே இறக்க முடியாது. 1932இல் நியூயார்க்கில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் உங்களுக்கு நினைவிருக்கும்: ஆகாயத்தில் தொங்கும் உத்தரத்தில் பதினொரு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுகிறார்கள். அங்கே பெண் இல்லை. இங்கே பெண் இருந்தாள், சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய குறை, பெண்ணை உள்ளே விடவில்லை என்பது. நம்முடைய குறை, உள்ளே வைத்துக்கொண்டே சிறிய ஆளாக்கியது.

இப்போது அந்த இடமும் போய்க்கொண்டிருக்கிறது. நான்கு மாடி வரை தலைச்சுமைதான் கலவையை ஏற்றியது. இருபது மாடிக்கு ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் கிரேனும் வந்துவிட்டன. இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, எந்தத் தலையும் சுமக்க வேண்டாம். ஆனால் அந்த இயந்திரத்தை இயக்க எந்தச் சித்தாளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளுக்கு மிஞ்சியது கூட்டிப் பெருக்குவதும், போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதும்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969இல் டெல்லி ராஜ்காட் பக்கம், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக நடந்த கட்டட வேலையின் புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் மீரா மகாதேவன் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. நான் பார்த்த தளங்களில் ஐம்பத்தோராவது பெண் கணக்கில் வந்ததே இல்லை. சாரக் கம்பில் கட்டிய புடவைத் தூளிதான் காப்பகம்.

சென்னைக்கு 1959இல் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் வந்தது. பட்டணம் என்று காட்ட வேண்டுமானால் சினிமாக்காரர்கள் நெடுங்காலம் அதைத்தான் காட்டினார்கள். பணம் போட்டவர் பெயரும் வரைபடம் போட்டவர் பெயரும் தேடினால் கிடைக்கும். கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் ஒரே ஒருவரின் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை. கட்டடம் விழுந்தால்தான் அவர்களுக்குப் பெயர் வருகிறது, அதுவும் இறந்தோர் பட்டியலில். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில், வேலை நடந்துகொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழைநாளில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர், பெண்களும் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தபோது தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. சில நொடிகளில் தரைமட்டமானதைப் பொறியியல் சாதனை என்று வியந்தோம்.

அந்தப் பயிலரங்கின் சொற்பட்டியல் பின்னால் அச்சாகி வந்தது. வானளாவி இடம்பெற்றிருந்தது. 'சித்தாள்' என்ற சொல்லையும் சேர்த்திருந்தார்கள், நான் கேட்டதாலோ என்னவோ. 'கொத்தனாருக்கு உதவும் பெண்' என்று பொருள் போட்டிருந்தது. 'கட்டடத் தொழிலாளி; பெண் என்பதால் குறைந்த கூலிக்குரியவளாகப் பெயரிடப்பட்டவர்' என்று திருத்தி, கொத்தனார் என்பதற்கு 'ஆண், பெண் இருவருக்கும் பொது' என்ற குறிப்பையும் எழுதி அனுப்பினேன். இரண்டு முறை நினைவூட்டியும் ஆயிற்று. பதில் வரவில்லை.