மெலிந்த பூனைக்குட்டியும் சத்து மருந்தும்

வீட்டிலே பூனை குட்டி ஈன்றாற் சிறுவர்களுக்குக் கொண்டாட்டமே. ஆனால், குட்டிகளுள் ஒன்று எலும்பும் தோலுமாய் ஒதுங்கிக் கிடக்குமாயின் அக்கொண்டாட்டம் கவலையாய் மாறிவிடுகின்றது. எமது இல்லத்திலும் சென்ற மாதம் இவ்வாறே நிகழ்ந்தது. மூன்று வாரத்துக் குட்டிகள் நான்கினையும் சமையலறைத் தராசிலே நிறுத்துப் பார்த்தோம். மூன்று குட்டிகள் 320 கிராமை அண்டி நின்றன. நான்காவதோ 190 கிராமே இருந்தது.

இரக்க மிகுதியால் நாம் செய்தது என்ன? பசுப்பாலைக் காய்ச்சிப் புகட்டினோம். உடல் தேறட்டுமென்று, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த மீனீரல் எண்ணெயிலும் சில துளி கலந்தோம். மறுநாட் காலையிற் குட்டிக்கு வயிற்றோட்டம். தலை நிமிர்த்தவும் வலுவில்லை. மிருக வைத்தியரிடம் எடுத்துச் சென்றோம். அவர் அதனைத் தொட்டுப் பார்த்து, "உடல் குளிர்ந்து கிடக்கிறதே! குளிர்ந்த குட்டிக்கு உணவு செரிக்காது. முதலிற் சூடு, பிறகு பால், அதன்பின் புழுவுக்கு மருந்து. சத்து மருந்தைப் பற்றிக் கடைசியிலே பேசலாம்" என்றார்.

இதன் காரணங்களை வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று. பூனையின் பாலிலே, பசுப்பாலிலுள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு புரதம் உண்டு. ஆதலாற் பசுப்பால் வயிற்றை நிரப்புமேயன்றிக் குட்டியின் வளர்ச்சிக்குப் போதாது. அதிலுள்ள பாற்சர்க்கரையோ பல குட்டிகளுக்கு ஒவ்வாது. பூனைக்குட்டிக்கெனச் செய்யப்பட்ட பால்மாவே தாய்ப்பாலுக்கு ஏற்ற துணையாகும். அதனை இளஞ்சூட்டிற் கரைத்து, குட்டியைக் குப்புற இருத்தி, சிறிது சிறிதாகப் புகட்டுதல் வேண்டும். மல்லாத்திப் புகட்டினாற் பால் நுரையீரலுக்குட் சென்றுவிடலாம்.

மீனீரல் எண்ணெயிலே ஏ, டி என்னும் விற்றமின்கள் செறிந்துள்ளன. இவை மிஞ்சினால் உடலிலே தங்கித் தீங்கு செய்யும்.

டோரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. இறைச்சி, மீன் முதலியவற்றிலிருந்தே பெறும். அது குறைந்தால் விழித்திரை அழியுமென 1975 ஆம் ஆண்டிலும், இதயம் நலியுமென 1987 ஆம் ஆண்டிலும் ஆய்வாளர் வெளியிட்டனர். குட்டிகளுக்கான நிறையுணவில் அது சேர்க்கப்பட்டிருப்பதால், அதனை உண்ணும் குட்டிக்குத் தனியே கொடுக்க வேண்டுவதில்லை. சோறும் குழம்புமே உண்ணும் குட்டிக்கு அது குறையக்கூடும். குழம்பிலுள்ள வெங்காயமோ பூனைக்கு நஞ்சு.

புழு தாய்ப்பால் வழியாகவும் குட்டியை அடையும். எத்துணைச் சத்து ஊட்டினும், புழுவும் தெள்ளும் அதனைப் பறித்துக்கொள்ளும். மருந்தின் அளவு எடைக்கேற்ப மாறுமாதலின், அதனை வைத்தியரிடமே கேட்டறிக.

நலமான குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடும். எடை கூடாதிருப்பின் விழிப்பாயிருங்கள். குறைந்தால் உடனே வைத்தியரை நாடுங்கள்.

எமது மூத்த மகள் கொப்பியொன்றிலே நாள்தோறும் எடையைக் குறித்து வந்தாள். முதலிரு நாளும் மாற்றமில்லை. மூன்றாம் நாள் 197 என்று எழுதியபோது அவள் கண்கள் கலங்கின. நேற்று 460 கிராம். உடன்பிறந்தவற்றை அக்குட்டி இன்னும் எட்டவில்லை; ஆயினும் உணவுத் தட்டை வைத்ததும் முதலில் ஓடி வருவது அதுவே. மீனீரல் எண்ணெய்ப் போத்தல் அலுமாரியிலேயே இருக்கின்றது.