பரண்மேல் ஓர் உலகம்!

தபால்தலை சேகரிப்பதை ராஜாக்களின் பொழுதுபோக்கு என்பார்கள். சொல்வதில் தப்பில்லை. இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ், பட்டத்துக்கு வருவதற்கு முன்பே 1904-ல், மொரீஷியஸ் தீவின் ஒரே ஒரு தபால்தலையை 1,450 பவுன் கொடுத்து வாங்கியவர். இதைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேர், "நமக்கெல்லாம் எதுக்குப்பா இது? காசு உள்ளவன் செய்யுற வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். மீதிப் பேர் கையில் உள்ள காசுக்குக் கடையில் ஸ்டாம்பு பாக்கெட் வாங்கி ஆல்பத்தில் ஒட்டுகிறோம். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. உலக நாடுகளின் உண்மையான தபால்தலைகள் கடையில் இல்லை நண்பர்களே, நம் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன!

முதலில் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்போம். கண்ணாடித் தாளுக்குள் ராக்கெட், புலி, ஒலிம்பிக் ஓட்டக்காரர் என்று கண்ணைப் பறிக்கும் படங்கள். நாட்டின் பெயர் அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன் என்று இருக்கும். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்தச் சின்னஞ்சிறு வளைகுடா நாடுகளின் பெயரில் ஆயிரக்கணக்கான தபால்தலைகள் அச்சாயின. அவற்றில் பெரும்பாலானவை கடிதத்தில் ஒட்டுவதற்காக அச்சடித்தவை அல்ல. நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சடித்தவை. இந்த நாடுகள் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் ஆன பிறகு, 1973 முதல் அந்த ஒரே பெயரில் தபால்தலைகள் வந்தன. பழைய சரக்கு மட்டும் உலகமெங்கும் பாக்கெட்டுகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தபால்தலையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் முத்திரை குத்தியிருக்கும். பின்னால் பசை அப்படியே பளபளக்கும்! ஒட்டாத தலைக்கு முத்திரை எப்படி வந்தது? அச்சகத்திலேயே கட்டுக்கட்டாகக் குத்தி அனுப்பினால் வரும். அது எந்தக் கடிதத்தையும் சுமக்கவில்லை. எந்தத் தபால்காரரும் அதை எடுத்துக்கொண்டு நடக்கவில்லை. அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருவேங்கடத்துப் பையன்கள் சேர்க்கும் தீப்பெட்டிப் படத்துக்கு இருக்கும் மதிப்புகூட அதற்குக் கிடையாது. தீப்பெட்டிப் படமாவது நம் கரிசல் பூமியில், நம் அம்மாமார்களும் அக்காமார்களும் உழைத்த தொழிலின் அடையாளம்!

சரி, பரணில் என்ன இருக்கிறது?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பல குடும்பங்கள் சிங்கப்பூர் போய் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே 1946-ல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியே தொடங்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெட்டியில் ஒரு கட்டுக் கடிதம் இருந்தால் அதைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். முதலில் 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்று அச்சடித்த ராஜா தலை. 1942 முதல் 1945 வரை கடிதமே இருக்காது. ஜப்பான்காரன் பிடியில் ஊர் இருந்த காலம். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இங்கே பெண்டுபிள்ளைகள் காத்துக் கிடந்த காலம். அப்புறம் அதே ராஜா தலையின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் மேலச்சு. 1948-லிருந்து சிங்கப்பூர் என்ற பெயர். 1965-க்குப் பின் சுதந்திர நாட்டின் தபால்தலை. ஐந்நூறு பக்கச் சரித்திரப் புத்தகம் சொல்வதை ஒரு கட்டுக் கடிதம் சொல்லிவிடுகிறது. அந்த வெற்றிடம்கூடப் பேசுகிறது!

ரங்கூனுக்குப் போனவர்கள் வீட்டில் தேடினால், இந்தியத் தபால்தலையின் மேல் 'பர்மா' என்று மேலச்சிட்ட தலை கிடைக்கலாம். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது அப்படித்தான் செய்தார்கள். கொழும்புக் கடிதமானால் 'சிலோன்' என்பது 1972-ல் 'ஸ்ரீலங்கா' ஆவதைப் பார்க்கலாம். பட்டாளத்துக்குப் போனவர் எழுதிய கடிதத்தில் ஊர்ப் பெயரே இருக்காது. '56 ஏ.பி.ஓ.' என்ற முகவரியும், கள அஞ்சலகத்தின் எண் போட்ட முத்திரையும்தான் இருக்கும். எல்லையில் எந்த மூலையில் உட்கார்ந்து எழுதினாரோ!

அவ்வளவு தூரம் ஏன்? குற்றாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டிலேயே இல்லை. முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அந்தச் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் உண்டு. அதற்குப் பெயர் 'அஞ்சல்'. 1888 முதல் சங்கு படம் போட்ட தலைகளை வெளியிட்டது. விலை அணாவில் அல்ல, சக்கரத்தில்! 1951-ல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. இன்றைக்கு நாம் அஞ்சல் துறை, அஞ்சலகம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அன்றைக்கு மலையடிவாரத்தில் ஓர் இலாகாவின் பெயராகவே வழங்கியது. ஐந்தருவியில் குளிக்கப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இவ்வளவும் இருக்க, நம் வீடுகளில் நடப்பது என்ன? கம்பியில் குத்தித் தொங்கவிட்ட கடிதங்கள் போகியன்று நெருப்புக்குப் போகின்றன. வீடு இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டியோடு பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகின்றன. ஆர்வமுள்ள பையன் இருந்தாலோ, கத்தரிக்கோலால் தலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு உறையைத் தூர எறிகிறான். முத்திரை போச்சு, தேதி போச்சு, முகவரி போச்சு! யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. உறையோடு இருந்தால்தான் அது சாட்சி. வெட்டி எடுத்தால் வெறும் படம்.

"அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா? குடும்ப ரகசியம் இருக்குமே?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய கடிதங்களில் கடன் இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கும், அழுகையும் இருக்கும். எனவே பெரியவர்களைக் கேட்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கடிதத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு உறையை மட்டும் கேட்டு வாங்கலாம். இன்லண்டு, ஏர் மெயில் தாள் போல கடிதமும் உறையும் ஒன்றாக இருந்தால், முகவரிப் பக்கம் மட்டும் தெரியும்படி மடித்து வைக்கலாம். "ஆச்சி, இது யாரு எழுதுனது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம் முழுக்கக் கதை கிடைக்கும். அதை ஒரு தனித் தாளில் எழுதி உறையோடு வையுங்கள். செலோடேப்பும் பெவிகாலும் வேண்டவே வேண்டாம். காகிதத்தை அரித்து மஞ்சளாக்கிவிடும். நான்கு மூலையைத் தாங்கும் காகித முக்கோணம் போதும்.

"வாட்ஸ்அப் காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலம் வந்துவிட்டது என்பதால்தான் அவசரப்படுகிறேன்! நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. 1624-ல் தொடங்கிய டென்மார்க்கின் அரசுத் தபால் சேவை 2025 டிசம்பர் கடைசியோடு கடிதம் கொண்டுகொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. செல்போனை யாரும் தூக்கியெறிய வேண்டாம். ஆனால் துபாயிலிருந்து அப்பா தினமும் பேசும் பேச்சில் எது நம் பேரனுக்கு மிஞ்சும்? 1990-களில் அவர் எழுதிய ஒரு கடிதம், வெட்டாமல் வைத்தால், மிஞ்சும்.

பழையதைக் காப்பது பாதி வேலை. புதிதாகவும் தபால் வரவழைக்கலாம். போர்ச்சுகல் நாட்டு மாணவர் ஒருவர் 2005-ல் தொடங்கிய போஸ்ட்கிராசிங் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டிலுள்ள ஒருவருக்கு நாம் ஓர் அட்டை அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததும் வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் நமக்கு அனுப்புவார். நம் 50 பைசா அஞ்சலட்டை உள்நாட்டோடு சரி. வெளிநாட்டுக்கு உரிய கட்டணத்தைத் தபாலாபீசில் கேட்டு ஒட்ட வேண்டும். படத்துக்கு எங்கே போவது என்று கவலை எதற்கு? டிராயிங் ஹாலில் நட்டும் போல்ட்டும் வரைகிற கை, சங்கரன்கோவில் கோபுரத்தை வரையாதா? அதில் வ.உ.சி. தலையோ (1972), கட்டபொம்மன் தலையோ (1999), நெற்கட்டும்செவல் ஒண்டிவீரன் தலையோ (2022) கிடைத்தால் ஒட்டி, திருவேங்கடத்து முத்திரையோடு அனுப்புவோம். வாங்கி ஆல்பத்தில் அடைப்பதைவிட அதுதான் தபால்தலைக்கு மரியாதை.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்லூரி நாளில் 'வீட்டுக்கு ஓர் உறை' என்று ஒரு கண்காட்சி வைப்போம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒன்றே ஒன்று, வெட்டாதது, கொண்டுவர வேண்டும். பக்கத்தில் நாலு வரிக் கதை. அவ்வளவுதான், செலவே கிடையாது. வீட்டில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் இழுங்கள். தபால்தலை ஆர்வமுள்ள அந்த வகுப்பு மாணவர்களுக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை அஞ்சல் துறை 2017-ல் கொண்டுவந்தது. விவரத்தைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்கலாம்.

நண்பர்களே, ஐந்தாம் ஜார்ஜ் பணம் கொடுத்து வாங்கினார். நம் முன்னோர் பிழைக்கப் போன இடத்திலிருந்து நமக்கு இனாமாகவே அனுப்பிவைத்திருக்கிறார்கள். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும்போது, கையில் கிடைக்கும் காகிதத்தை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்!