ஆளில்லாத இடம் என்னும் மயக்கம்

கூடாரம் அடிக்க நல்ல இடம் எது? சொந்த வண்டியில், சொந்தச் சமையலோடு ஊர் சுற்றக் கிளம்பும் சென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஆளே இல்லாத இடம். ஏரி உள்வாய், ஆற்று மணல், சவுக்குத் தோப்பை ஒட்டிய கடற்கரை, மலையடிவாரம். கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் கூரை எதுவும் தென்படாத ஒரு நீர்நிலையைக் கண்டுவிட்டால் இடம் அமைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இது தவறான நம்பிக்கை. நம்புகிறவருக்கு ஆபத்து, அந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு அநியாயம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பேசவில்லை. தி. நகரில் ரங்கநாதன் தெருவைக் கடந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நாள்தோறும் போய்வருகிறவருக்கு, ஒரு ராத்திரியாவது மனிதக் குரல் கேட்காமல் தூங்கவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. மயிலாப்பூர் மாட வீதிகளில் வண்டி நிறுத்த இடம் தேடியே அலுத்தவர், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாகக் கிடக்கும் ஒரு நிலத்தைப் பார்த்தால் மனம் மயங்கிப்போவார். அதனால்தான் இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, தார்ப்பாய், கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை விடியுமுன்னே கிளம்புகிறார்கள். எல்லாம் கையில் இருக்கிறது, யாரையும் எதற்கும் கேட்க வேண்டியதில்லை என்ற தைரியம். இந்தத் தைரியத்தில்தான் பிழை தொடங்குகிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குப் போய் நின்றால் யாரும் இருக்கமாட்டார்கள். பொழுது சாயட்டும். வாத்து மேய்க்கிறவர் கூட்டத்தை ஓட்டிவந்து கரையோரப் பட்டியில் அடைப்பார். இருட்டியபின் மீன் குத்தகைக்காரரின் காவலாள் டார்ச்சோடு கரையைச் சுற்றுவார். நடுச்சாமத்தில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட ஒருவர் வரப்பில் நடந்து போவார். மதகைத் திறந்து மூட ஊர் வைத்திருக்கும் ஆள், தண்ணீர் ஓடும் பருவத்தில் எந்த நேரத்திலும் வருவார். ஆளில்லாத இடம் என்று நாம் நினைத்தது, நாம் போன நேரத்தில் ஆளில்லாத இடம். அவ்வளவுதான்.

இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. வீட்டில் கழிப்பறை இல்லாத, இருந்தும் தண்ணீர் வராத பெண்கள் விடியுமுன் போகிற இடம் பல ஊர்களில் ஏரிக்கரைதான். அவர்களுக்கு இருக்கிற மறைவு இருட்டு ஒன்றே. அங்கே ஒரு பெரிய வண்டி, அதன் கூரையில் விளக்கு, முன்னால் நாற்காலி போட்டு நான்கு ஆண்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். கூடாரக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. “அருமையான இடம், ஒருத்தரும் வரவில்லை” என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள்.

மண்ணுக்கு வருவோம். வற்றிய ஏரியின் தரை மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும். ஒரு சாண் கீழே களி. ஆள் நடந்தால் தாங்கும், இரண்டு டன் வண்டி ஏறினால் அச்சுவரை இறங்கும். ஓர் அரைமணி மழை போதும், காய்ந்த பகுதியும் சேறாகிவிடும். அப்புறம் ஊருக்குள் போய் டிராக்டர் கேட்க வேண்டும். யாரையும் கேட்கமாட்டோம் என்று வந்தவர்கள், வேட்டி மடித்துக் கட்டிய ஊர்க்காரர் ஒருவரிடம் நள்ளிரவில் போய் நிற்க வேண்டும். ஏரிக்குள் மண்டியிருக்கும் சீமைக்கருவேல முள் டயரையும் துளைக்கும், கூடாரத்தின் அடித்துணியையும் துளைக்கும். கரையோரம் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளையும் பாருங்கள். ஒதுக்குப்புறம் தேடி வருகிறவர்கள் நாம் மட்டும் இல்லை என்பதற்கு அவை சாட்சி.

ஆற்றுப்படுகையைப் பற்றி அடையாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ஆற்றில் வருகிற தண்ணீர் நம் தலைக்கு மேல் பெய்த மழையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருபது, முப்பது கிலோமீட்டர் மேலே எவரோ திறந்த மதகாக இருக்கலாம். மாடி வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்த அதே மக்கள், ஐப்பசி மாதத்தில் பாலாற்று மணலில் கூடாரம் அடிக்கலாமா என்று யோசிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

கடற்கரை இன்னொரு மயக்கம். பெசன்ட் நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறார்கள். பொரித்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பிப் போகும். கடலுக்கு எதிர்ப்பக்கம் எரியும் ஒரு எல்இடி விளக்கு அதைச் சாலைக்கு இழுத்துவிடும். அந்த மணல் மீனவர் வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம் என்பதையும் சொல்லியாக வேண்டுமா?

காட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் தனியார் விடுதிக் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரை யானை கொன்றது. அனுமதி இல்லாமல் காட்டோரத்தில் இரவு தங்காதீர்கள். இதில் விவாதம் கிடையாது.

சாலையிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று பாருங்கள். லாரி ஓட்டுநர் நான்கு லாரி நிற்கிற இடத்தில்தான் ஐந்தாவதாக நிறுத்துவார். பெட்ரோல் பங்க், தாபா, சுங்கச்சாவடிப் பக்கம். ஆகஸ்ட் மாதத்தில் காவி உடுத்தி, தள்ளுவண்டியில் மாதா சொரூபத்தை வைத்து, சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். சமையல் பாத்திரம், அரிசி, பாய் எல்லாம் அவர்களோடு போகிறது. ராத்திரி ஆனால் தேவாலய வளாகம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், கல்யாண மண்டபம்.

எல்லாரையும்விட இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் கீதாரிகள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் டெல்டா வரை போகிறார்கள். சட்டி பானை, கஞ்சிக்கு அரிசி, குட்டிகளை அடைக்கக் கூடு, எல்லாம் கூடவே வரும். அவர்களைவிடத் தன்னிறைவான பயணி தமிழ்நாட்டில் இல்லை. அவர்கள் வெட்டவெளியைக் கண்டதும் மந்தையை நிறுத்திவிடுவதில்லை. ஊருக்குள் போய் நிலத்துக்காரரைப் பார்த்துப் பேசி, அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஆடு போடும் எருவுக்காக நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுக்கிறார். தங்குகிறவரால் தங்கவிட்டவருக்கு ஒரு பயன். சாலை வாழ்க்கையின் இந்த முதல் சட்டத்தை நம் கூடாரக்காரர்கள் கற்றுக்கொள்ளவே இல்லை.

“ஊருக்குப் பக்கத்தில் தங்கினால் தொந்தரவு, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், பெண்கள் இருந்தால் பயம்” என்பார்கள். குழந்தைகள் கூடுவார்கள், உண்மைதான். ஒரு மணி நேரம் கூடாரத்துக்குள் நுழைந்து நுழைந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் ஓடிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். பெண்களின் பாதுகாப்பைச் சொல்லி ஆளில்லாத இடத்துக்கு வாதாடுவதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நான்கு வீடு இருப்பது பாதுகாப்பா, உடைந்த புட்டிகளுக்கு நடுவே தனியே நிற்பது பாதுகாப்பா? கூட வந்த பெண்களைக் கேட்டுத்தான் இடம் முடிவானதா?

அப்படியானால் எது நல்ல இடம்? உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஏரிப்பக்கம் திரும்பிய எங்கள் வண்டியை ஒரு பெரியவர் கைகாட்டி நிறுத்தினார். “ஏம்பா, அங்க எங்க போறீங்க? அது பள்ளம். களத்துல போடுங்க வண்டிய. கொழா பக்கத்துலயே இருக்குது.” களம் என்று அவர் காட்டியது ஊராட்சி கட்டிய சிமென்ட் நெற்களம். அதைவிடச் சிறந்த கூடாரத் தரையை நான் எங்கும் பார்த்ததில்லை. நெல் நனையக் கூடாது என்பதால் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் தேங்காது. நெல்லில் கல் சேரக் கூடாது என்பதால் வழவழவென்று இருக்கிறது, முள் கிடையாது. வண்டி வந்து நெல் ஏற்ற வேண்டும் என்பதால் பாதை இருக்கிறது. தலைக்கு மேல் காய் விழும் தென்னை இல்லை, இடி இறங்கும் ஒற்றைப் பனையும் இல்லை. கூடார முளை இறங்காது என்பதால் கயிற்றை வண்டிச் சக்கரத்திலும் கல்லிலும் கட்ட வேண்டும், குறை அது ஒன்றுதான். தை, மாசியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது கேட்கவே கூடாது. மற்ற மாதங்களில் ஊர்த் தலைவரையோ பக்கத்து வீட்டாரையோ ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பாம்புக்கும் இதே கணக்குதான். வரப்பும் புதரும் கண்ணாடி விரியனின் இடம். கட்டுவிரியன் இரவில் படுக்கைக்கே வரும்; கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடித் தூங்குவது ஒரு காப்பு. விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், அந்த நேரத்தில் வழிகாட்ட யார் வருவார் என்று தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய காப்பு. செயற்கைக்கோள் படம் அந்த வழியைக் காட்டலாம், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று சொல்லாது. ஊர்க்காரர் சொல்வார்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மலையேறுகிறவர்களுக்காக 2024இல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. சாலைப் பயணிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஊராட்சிகள் தங்கள் களத்தையும் மைதானத்தையும் ஓர் இரவுக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம். ஒரு குழாயும், பூட்டும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையும் போதும். அந்தக் கழிப்பறை மற்ற நாட்களில் ஊர்ப் பெண்களுக்கு ஆகும். தன்னிறைவு என்று பேசுகிற எந்த வண்டியிலும் இன்றுவரை சரியாக இல்லாதது கழிவுக்கான ஏற்பாடுதானே.

அரசின் ஏற்பாடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொழுது இருக்கும்போதே, நான்கு மணிக்குள், பிரதான சாலையை விட்டிறங்கி ஓர் ஊருக்குள் போங்கள். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, எங்கிருந்து வருகிறோம், எத்தனை பேர், எப்போது கிளம்புவோம் என்று நீங்களாகவே சொல்லுங்கள். பிறகு, எங்கே தங்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.