ஆட்டம் வேண்டும், ஆள் வேண்டாமா?



சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நம் சங்கப் பொங்கல் விழாவில் இந்தத் தடவை 'மலைவாசி ஆட்டம்' ஒன்று வைக்கலாம், பார்க்கப் புதுமையாக இருக்கும், வசூலும் கூடும் என்றார் ஒரு நண்பர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் நான் எதிர்த்தேன். ஏன் எதிர்த்தேன் என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிய வேண்டும்.

2023 நவம்பர் 1 முதல் 7 வரை நம் நகரில் 'கேரளீயம்' விழா நடந்தது. நாமும் பிள்ளைகுட்டிகளோடு வேடிக்கை பார்க்கப் போனோம். கனகக்குன்றில் கேரள ஃபோக்லோர் அகாடமி 'ஆதிமம்' என்று ஒரு காட்சி அமைத்திருந்தது. 'வாழும் மியூசியம்' என்று அதற்கு அடைமொழி! குடிசைகளைப் போட்டு, அவற்றின் முன்னால் ஊராளி, மாவிலர், காணி, மன்னான், பளியர் ஆகிய ஐந்து சமூகத்தாரைக் கோலம் கட்டி நிறுத்தினார்கள். கூட்டம் படம் பிடித்தது. பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே போவதற்கும் இங்கே வருவதற்கும் வித்தியாசம் வேண்டாமா?

கண்டனம் எழுந்தது. பழங்குடியினரைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்று அன்றைய பழங்குடியினர் நலத் துறை அமைச்சர் கே. ராதாகிருஷ்ணனே சொன்னார். அவர்கள் கலைஞர்கள், கலையைத்தானே காட்டினார்கள் என்று சமாதானமும் வந்தது. மேடைக் கலைஞன் ஆட்டம் முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு நம்மில் ஒருவனாக இறங்கி வருவான். குடிசை முன்னால் 'இதுதான் இவர்கள்' என்று நிறுத்தப்பட்டவன் எங்கே இறங்கி வருவான்?

இந்த நகரம் ஆதிவாசியின் குடிசையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததா? கனகக்குன்றிலிருந்து பாளையம் வழியாகத் தலைமைச் செயலகத்துக்கு அரை மணி நடைதான். 2001 ஆகஸ்டு 30-ல் சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் அந்த வாசலில் குடிசை போட்டார்கள். பட்டினிச் சாவு தாங்காமல் நிலம் கேட்டு வந்தவர்கள். 48 நாள் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. வாக்கு நிறைவேறவில்லை என்று 2003-ல் முத்தங்கா காட்டில் குடியேறினார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு. 2014-ல் மறுபடி அதே வாசலில் 162 நாள் நின்றே போராடினார்கள். தம்பானூரில் டூட்டி முடிந்து நானும் போய்ப் பார்த்தேன். பஸ்சுகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் படம் பிடிக்கவில்லை!

நிலம் கேட்டுப் போட்ட குடிசை இடைஞ்சல். வேடிக்கைக்குப் போட்ட குடிசை கலாச்சாரம். இதுதான் நகரத்தின் நியாயம்!

பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்க 1975-ல் சட்டம் வந்தது. விதிகள் வரவே 1986 ஆனது. 1999-ல் வேறு சட்டம் செய்து, 2 ஹெக்டேர் வரை வைத்திருப்பவனிடமே விட்டுவிட்டு, இழந்தவனுக்கு மாற்று நிலம் என்றார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1938 ஜனவரி 26-ல் வெள்ளையர் வந்திறங்கிய 150-வது ஆண்டை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் கொண்டாடியது. அந்த நாடகத்தில் நடிக்க, தொலைவிலிருந்த மெனிண்டீயிலிருந்து ஆதிகுடி மக்களைக் கூட்டி வந்தார்கள். அதே நாளில் அதே நகரில் வேறு ஆதிகுடி மக்கள் ஒரு மண்டபத்தில் கூடித் துக்க நாள் அனுசரித்துக் குடியுரிமை கேட்டார்கள். நாம் யாரோடு உட்கார்ந்திருப்போம், தோழர்களே?

இது மலையாளிகளின் பாவம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். பொதிகை மலை தமிழ் பிறந்த இடம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த மலையில் வாழும் காணி மக்களை நினைக்கிறோமா? 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது நமக்கு வெற்றி. காணிகளுக்கோ அவர்கள் மலையின் நடுவே ஒரு மாநில எல்லை. நம்மை எவனாவது 'பாண்டி' என்றால் ரத்தம் கொதிக்கிறது. நாமோ சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைக் 'காட்டான்' என்று வைகிறோம். வெட்கம்!

கலையைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரியாதையோடு நடக்க இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்யப்பச்சை மூலிகையிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தபோது, வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். குறைகள் இருந்தன, ஆனால் அறிவுக்குக் கைத்தட்டல் போதாது, பங்கு வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்களே, அது பெரிது.

எனவே என் தீர்மானம் இது. பொங்கல் மேடைக்குக் காணி மக்களை அழைப்போம். என்ன ஆடுவது, ஆடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் அதே சம்பளம், அதே பந்தியில் சாப்பாடு. ஆட்டத்துக்கு முன்னால் மைக்கை அவர்கள் கையில் கொடுப்போம். நிலத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போகாமல் கேட்போம். நாளை அவர்கள் தலைமைச் செயலக வாசலில் நின்றால், நம் சங்கக் கொடியோடு பக்கத்தில் போய் நிற்போம்.

இதற்குச் சம்மதமானால் ஆட்டம் வைப்போம். இல்லையென்றால் நம் பிள்ளைகளின் கோலாட்டமே போதும்!