வைத்தியர் பக்கம்: வழி திறந்திருக்கிறது, எங்கே போகலாம்?

சென்ற இதழில் விரத நாட்களில் நீரிழிவுக்காரர் குளிசைகளை எவ்வாறு எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த அன்பர்கள் சிலர் பின்னர் என்னைக் கண்டு கேட்டது விரதத்தைப் பற்றியல்ல. "டொக்டர், விடுமுறைக்கு எங்கே போகலாம்? இந்த முழங்காலோடு போகலாமா?" என்பதே அவர்கள் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதிலும் இப்பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி இந்நாட்டின் எல்லை மூடப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே மாதம் 25ஆம் திகதி முதல் நாம் வெளியே போவதற்கும் விசேஷ அனுமதி தேவைப்பட்டது. 2021 நவம்பர் 1ஆம் திகதி வரை அத்தடை நீடித்தது. இடையில், 2021 மே மாத முற்பகுதியில், இந்தியாவில் இருந்த அவுஸ்திரேலியப் பிரசைகள் தம் வீட்டுக்குத் திரும்பினாலே தண்டனை என்ற நிலையும் சில நாட்கள் இருந்தது. ஏறக்குறைய இருபது மாதங்கள். அந்த இருபது மாதங்களில் பெற்ற தாயின் செத்தவீட்டையும் அந்தியேட்டியையும் கணினித் திரையில் பார்த்தவர்கள் எம்மிடையே அநேகர்.

வழி திறந்து வருடங்கள் கடந்துவிட்டன. ஆனாலும் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற சொல் எம்மை விட்டுப் போகவில்லை. வீட்டுக் கடன் முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும், ஓய்வு பெறட்டும் என்கிறோம். ஓய்வு பெறும்போது முழங்காலும் ஓய்வு கேட்கிறது. ஆகையால் நான் சொல்லும் விதி இதுதான். உற்றார் வயதானவர்களாக இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். அடுத்து, ஏறிப் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் போங்கள். இருந்து பார்க்கக்கூடிய இடங்களைக் கடைசிக்கு வையுங்கள். அவை எழுபது வயதிலும் எங்களுக்குக் காத்திருக்கும்.

முதலாவது: ஊர்

முன்னர் யாழ்ப்பாணம் போவதென்றால் கொழும்பில் இறங்கி இரவிரவாகப் பிரயாணம் செய்ய வேண்டும். 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. கொவிட் வந்ததும் நின்றுபோன அச்சேவை 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மீண்டும் ஆரம்பமாயிற்று. 2024 செப்டெம்பரில் இண்டிகோ விமானமும் சேர்ந்துகொண்டது. பிரயாணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். விமானம் சிறியது, பெட்டியின் நிறைக் கட்டுப்பாடும் கடுமையானது. இங்கிருந்து சொக்கலேற்றும் சம்பூவும் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடல் வழியும் உண்டு. நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பிரயாணம். மாரி காலத்தில் கடல் கொந்தளிப்பால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதை மட்டும் நம்பி ரிக்கற் எடுக்க வேண்டாம். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அங்கிருந்தும், பின்னர் 1980களின் முற்பகுதி வரை இராமேஸ்வரத்திலிருந்தும் தலைமன்னாருக்குக் கப்பலில் போய் வந்தவர்கள் எமது சபையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பேரப்பிள்ளைகளோடு இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டால் அது பெரிய புண்ணியம்.

போனால் நல்லூரோடு திரும்பிவிடாதீர்கள். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு எத்தனையோ வருடங்கள் எம்மவர் கால் வைக்க முடியாதிருந்த கீரிமலையும் மாவிட்டபுரமும் இருக்கின்றன. மன்னாரில் திருக்கேதீஸ்வரம் கருங்கல்லால் புதிதாக எழுப்பப்பட்டு 2022 யூலையில் கும்பாபிஷேகம் கண்டது. திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தின் கீழே கடலைப் பார்த்து நின்றால் இருபது மாத அடைப்பும் மறந்துபோகும். ஒன்று மட்டும்: 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையின் பாதைகளையும் பாலங்களையும் மிகவும் சேதப்படுத்தியது. புகையிரதத்தில் போக எண்ணுபவர்கள் உறவினரிடம் நிலைமையைக் கேட்டபின் ஒழுங்கு செய்யுங்கள்.

"அங்கே இனி யார் இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். என்னிடம் வருகின்ற ஒரு பெரியவர், வயது எழுபத்தெட்டு, 2020 சித்திரையில் தமக்கையைப் பார்க்க ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். எல்லை மூடப்பட்டது. 2021 ஆவணியில் தமக்கையார் காலமானார். அதன் பின் "யாரைப் பார்க்கப் போவது?" என்று ஒரே பிடிவாதம். "தமக்கையின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் சிறுமியாக இருந்த காலத்துக் கதையைச் சொல்ல உலகத்தில் உங்களைத் தவிர இன்று ஒருவரும் இல்லை. அதைச் சொல்லப் போங்கள்" என்றேன். போய் ஒரு மாதம் நின்று வந்தார். வந்தபின் இரத்த அழுத்தம் இறங்கியது என்று சொல்லமாட்டேன். அது இருந்தபடியே இருக்கிறது. ஆனால் நித்திரைக் குளிசை கேட்டு வருவது நின்றுவிட்டது.

இரண்டாவது: ஏறிப் பார்க்க வேண்டியவை

இங்கிருந்து எம்மவர் பாலித் தீவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பக்கத்திலே யாவாவில் இருக்கும் பிரம்பனான் சிவாலயத்துக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். யோக்யகர்த்தா நகரத்திலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீற்றர். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில். நடுவில் சிவன் கோவில் 47 மீற்றர் உயரம். இரு புறமும் பிரம்மா, விஷ்ணு கோவில்கள். கிழக்கு அறையில் சிவபெருமான், மேற்கில் பிள்ளையார், வடக்கில் துர்க்கை. தெற்கு அறையில் யார் தெரியுமா? எங்கள் அகத்திய முனிவர். கடல் கடந்து இவ்வளவு தூரத்தில் அவரைக் கண்டால் எந்தத் தமிழருக்கும் உடம்பு சிலிர்க்கும். சுற்றுச் சுவரில் இராமாயணச் சிற்பங்கள். படிகள் செங்குத்தானவை. 2006 மே மாதப் பூமியதிர்ச்சியில் சேதமுற்றுத் திருத்தப்பட்ட கட்டிடமாகையால், உள்ளே ஏற அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்போடியாவின் அங்கோர்வாட். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. கிழக்கு மண்டபத்தில் திருப்பாற்கடல் கடைந்த கதையை ஏறக்குறைய 49 மீற்றர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். அதை நிலமட்டத்திலிருந்து சிறிது ஏறியே பார்க்கலாம். உச்சி அடுக்குக்குப் போகும் ஏணிப்படி மட்டும் மிகச் செங்குத்து. தலைச்சுற்று உள்ளவர்களும் இருதய நோயாளரும் கீழிருந்தே கும்பிடுவது உத்தமம். 2025இல் கம்போடிய, தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்தது. எனவே ரிக்கற் எடுக்கு முன் எமது அரசாங்கத்தின் ஸ்மார்ட் ட்ரவலர் அறிவித்தலைப் பாருங்கள்.

மலேசியாவின் பத்துமலை 272 படிகள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் 513 படிகள். தைப்பூசத்தன்று போக ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் வேறொரு நாளில், அதிகாலையில், வெயில் ஏறு முன் ஏறுங்கள். முருகன் எந்த நாளும் மலையில்தான் இருக்கிறார்.

மூன்றாவது: இருந்து பார்க்கக்கூடியவை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கந்தசுவாமி கோவிலை மலாயாவுக்கு ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்குப் போன எமது முன்னோர் கட்டினார்கள். சிங்கப்பூரில் சிலோன் றோட் செண்பக விநாயகர் கோவிலும் அவ்வாறே. "மலாயன் பென்சனியர்" வீடு என்று ஊரில் பெயர் பெற்ற வீடுகளின் பிள்ளைகள் இங்கே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது கடைகளைச் சுற்றுவதற்குப் பதில் ஒரு நாள் தங்கி இக்கோவிலுக்குப் போய் வாருங்கள். நாம்தான் முதலில் கடல் கடந்தவர்கள் என்ற எண்ணம் சற்று அடங்கும்.

மறுபக்கத்தில் பீஜித் தீவு. சிட்னியிலிருந்து ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். பெரிய நேர வித்தியாசம் இல்லை. வயதானவர்களுக்கு மிக இலகு. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் தெலுங்கர்களும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களுக்காகச் சாது குப்புசாமி அவர்கள் 1926இல் தொடக்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பாடசாலைகள் நடத்துகிறது. நாடி நகரத்தில் சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம் இருக்கிறது. கோவிலும் திருவிழாவும் அங்கே நிலைத்திருக்கின்றன. வீட்டில் பேசும் தமிழ்தான் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்துவிட்டது. எமது பிள்ளைகளோடு அங்கே போய்விட்டு வருகிறவர்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவது பற்றி என்னிடம் வேறு விதமாகப் பேசுகிறார்கள்.

புறப்படு முன்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். "நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கு ஒன்றும் செய்யாது" என்பது எம்மவரிடம் உள்ள மிகப் பெரிய தவறான எண்ணம். சுற்றுலாக்காரர் ஊசி போட்டுப் போகிறார்கள். உறவினரைப் பார்க்கப் போகும் நாங்கள் போடாமல் போய், நெருப்புக் காய்ச்சலோடு திரும்புகிறோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எமது ஊர்க் கிருமிகள் முற்றிலும் புதியவை. ஆறு கிழமைக்கு முன்னரே உங்கள் வைத்தியரிடம் போய் நெருப்புக் காய்ச்சல், ஹெப்பற்றைற்றிஸ் ஏ, சின்னமுத்து ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள்.

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று அளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை அஸ்பிரினும் ஐபுபுறோபனும் வேண்டாம். இருதயத்துக்கு நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரைக் காணுங்கள். பாலியில் 2008 முதல் விசர்நாய்க் கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தால், கீறினால்கூட, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வீடு திரும்பும் வரை பொறுக்கக் கூடாது.

நீரிழிவுக்காரருக்கு இரண்டு வார்த்தை. இன்சுலினைக் கைப்பெட்டியில் கொண்டு போங்கள். கீழ்ப் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடலாம். இரண்டாவது, கால். நீண்ட நாள் நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகலில் கோவில் வெளிவீதிக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தால், சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். காலையிலோ மாலையிலோ சுற்றுங்கள். காலுறை அணிய அனுமதித்தால் அணியுங்கள். இரவில் பாதத்தை ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.

நீண்ட விமானப் பிரயாணத்தில் காலில் இரத்தம் கட்டாதிருக்க, இடையிடையே எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். அண்மையில் சத்திர சிகிச்சை செய்தவர்கள் கேட்காமல் புறப்பட வேண்டாம். நான் மேலே சொன்ன எந்த நாட்டிலும் எமது மெடிகெயார் செல்லாது; ஆகையால் இன்சூரன்ஸ் அவசியம், பழைய வியாதிகளை மறைக்காமல் எழுதி எடுப்பது அதனிலும் அவசியம். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை வைத்தியருக்கு முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

எல்லாம் சொன்ன பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. பிரயாணத்தைத் தள்ளிப் போடுவதற்கான காரணம் எமது வீடுகளில் என்றைக்கும் குறையாது. எல்லையை அடைப்பதற்கு மட்டும் எவரும் எம்மிடம் நாள் கேட்டு அடைக்கவில்லை. ஆகவே கடவுச்சீட்டை எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். பார்த்தபின் வீட்டாரோடு இருந்து ஒரு திகதியைக் குறியுங்கள். உங்கள் முழங்காலைப் பற்றிய கேள்வியோடு வந்தால், திகதி குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் முதலில் பதில் சொல்வேன்.

அடுத்த இதழில், ஊரிலிருந்து பெற்றோரை இங்கே அழைப்பிப்பவர்கள் குளிர் காலத்தில் கவனிக்க வேண்டியவை பற்றி எழுதுவேன். அனைவருக்கும் இறையருள் கிட்டுவதாக.